மலை இறங்கினால் தொடை ஏன் தளர்கிறது? எக்சென்ட்ரிக் பயிற்சிக்குப் பின் தசைக்குள் நடப்பவை

மலையேறித் திரும்பியவர்கள் சொல்வதில் ஒரு முரண் இருக்கும். ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, அடிக்கடி நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. இறங்குவது அப்படியில்லை, பேசிக்கொண்டே இறங்கிவிடலாம். ஆனால் மறுநாள் காலையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பது அந்தச் சுலபமான இறக்கம்தான். உடற்பயிற்சிக் கூடங்களில் எடையைத் தூக்குவதைவிட மெதுவாக இறக்குவதற்கு முக்கியத்துவம் தரும் "நெகட்டிவ்" பயிற்சி பிரபலமாகியிருப்பதால், இந்தக் குழப்பம் மலையேறாதவர்களுக்கும் வந்துவிட்டது. இது தசையைக் கட்டுகிறதா, கிழிக்கிறதா? வலி போய்விட்டால் தசை தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. ஏன் இல்லை என்று புரிய, தசையின் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

தசை வேலை செய்யும் மூன்று வழிகள்

தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே: தன் இரு முனைகளையும் நடுவை நோக்கி இழுப்பது. தள்ளுவதற்கு அதற்குத் தெரியாது. அந்த இழுப்புக்கும் எதிரிலுள்ள சுமைக்கும் நடக்கும் போட்டியில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதை வைத்து மூன்று நிலைகள் உண்டு.

1. கான்சென்ட்ரிக்: தசை ஜெயிக்கிறது, நீளம் குறைகிறது. படியேறும்போது முன்தொடைத் தசையும், எடையைத் தூக்கும்போது புயத்தின் பைசெப்ஸ் தசையும் செய்வது இதை.
2. ஐசோமெட்ரிக்: இரண்டும் சமம், நீளம் மாறுவதில்லை. கனமான பொருளைக் கையில் அசையாமல் பிடித்து நிற்பது போல.
3. எக்சென்ட்ரிக்: சுமை ஜெயிக்கிறது. தசை இழுத்துக்கொண்டே இருக்க, சுமை அதை நீட்டிக்கொண்டே போகிறது. படியிறங்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மெல்ல மடங்குகிறது. உடல் தடாலென்று கீழே விழாமல் முன்தொடைத் தசை நீண்டபடியே தடுத்துப் பிடிக்கிறது.

நாம் தசையின் எல்லா வேலையையும் "சுருக்கம்" என்றே சொல்லிப் பழகிவிட்டதால், நீளும் தசை "சுருங்குகிறது" என்பது கேட்க அபத்தமாக இருக்கும். எக்சென்ட்ரிக் வேலையை பிரேக் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும். கான்சென்ட்ரிக் வேலை என்ஜின்.

குறைந்த செலவு, அதிக விசை

இந்த பிரேக்குக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. தனியாக எடுத்த தசையை அது இழுத்துக்கொண்டிருக்கும்போது நீட்டினால், அசையாமல் பிடிக்கும்போது தருவதைவிட ஒன்றரை மடங்கு, சில நேரம் அதற்கும் மேல் விசை தருகிறது. மனிதர்கள் தாங்களாக முயன்று செய்யும்போது இந்த உபரி அவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. பழக்கமில்லாதவர்களின் நரம்பு மண்டலமே தசையைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது.

விசை அதிகம், ஆனால் செலவு குறைவு. இதை 1952-இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மறக்க முடியாத ஒரு சோதனையில் காட்டினார்கள். இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். மற்றவரின் மிதி பின்னோக்கிச் சுழலும், அவர் அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். இருவர் காலிலும் விசை ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். ஆனால் தடுப்பவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன், மிதிப்பவருக்குத் தேவைப்பட்டதில் சிறு பங்கே. லண்டனில் அவர்கள் நடத்திய செயல்விளக்கத்தில், சிறிய உருவம் கொண்ட பெண் ஒருவர் தடுக்கும் பக்கம் உட்கார்ந்து, பெரிய உருவம் கொண்ட ஆணைச் சிரமமின்றிக் களைக்க வைத்தார்.

காரணம் மூலக்கூறுகளின் மட்டத்தில் இருக்கிறது. தசைக்குள் மயோசின் என்ற புரதத்தின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கின்றன. சாதாரணமாக ஒவ்வொரு பிடியையும் விடுவிக்க ஏடிபி என்ற எரிபொருள் செலவாகும். தசை நீட்டப்படும்போது பல பிடிகள் இழுபட்டே பிய்ந்துவிடுகின்றன, அதற்கு எரிபொருள் வேண்டாம். டைட்டின் என்ற பெரும்புரதமும் ஸ்பிரிங் போல விறைத்துத் தன் பங்கு விசையைச் சேர்க்கிறது.

இந்தச் சிக்கனத்தில்தான் பின்னால் வரும் சிக்கலின் வேர் இருக்கிறது. விசை மலிவாகக் கிடைப்பதால், ஒரே சுமையை இறக்க மூளை அழைக்கும் தசையிழைகளின் எண்ணிக்கை தூக்கும்போது அழைப்பதைவிடக் குறைவு. பத்துப் பேர் தூக்கிய பாரத்தை ஆறு பேர் இறக்குவது போல. மூச்சு வாங்காது. ஆனால் ஒவ்வோர் இழையின் தோளிலும் பாரம் கூடுகிறது.

இழைக்குள் என்ன உடைகிறது?

தசையிழையின் அடிப்படை அலகு சார்க்கோமியர். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு போன்ற சிறிய நீளம். ஓர் இழையில் இவை ஆயிரக்கணக்கில் வரிசையாகக் கோத்திருக்கின்றன. எல்லாம் ஒரே பலம் கொண்டவை அல்ல. ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டி நீட்டும்போது ஆக்டினும் மயோசினும் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு குறைகிறது, அதனால் இழுவையும் குறைகிறது. அந்த நிலையில் சற்றே பலவீனமான சார்க்கோமியர் மற்றவற்றைவிட வேகமாக நீளும். நீள நீள இன்னும் பலவீனமாகும். கடைசியில் இழைகளின் படிவே இல்லாத அளவுக்குச் சட்டென்று விரிந்துவிடும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் டேவிட் மார்கன் 1990-இல் முன்வைத்த விளக்கம் இது. தசை தளரும்போது விரிந்தவற்றில் பெரும்பாலானவை பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், சில திரும்பாது. நூற்றுக்கணக்கான முறை இது நடந்தால், திரும்பாதவை பக்கத்து சார்க்கோமியர்களையும் இழையின் சவ்வையும் இழுத்துச் சிதைக்கும். சவ்வு சேதமானால் கால்சியம் உள்ளே புகும், புரதங்களை வெட்டும் நொதிகள் வேலையைத் தொடங்கும்.

இதற்கு நேரடிச் சான்றும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் யான் ஃப்ரிடேனும் சகாக்களும் மீண்டும் மீண்டும் படியிறங்கியவர்களின் தசையிலிருந்து சிறு துணுக்கு எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சார்க்கோமியர்களைப் பிரிக்கும் இசட் கோடுகள் நேராக இல்லாமல் நெளிந்தும் சிதறியும் கிடந்தன. அதே காலத்தில் பிரிட்டனில் நடந்த ஆய்வு இன்னும் சாமர்த்தியமானது. ஒரு பெட்டி மீது ஏறி இறங்க வேண்டும், ஆனால் எப்போதும் ஒரே காலால் ஏறி, மற்றக் காலால் உடலைத் தாங்கி இறங்க வேண்டும். ஒரே மனிதர், ஒரே நேரம், ஒரு கால் என்ஜின், மறு கால் பிரேக். சிதைவு பிரேக் காலில் மட்டுமே தெரிந்தது. பயிற்சி முடிந்த கையோடு பார்த்ததைவிட ஒன்றிரண்டு நாள் கழித்து எடுத்த துணுக்கில் அதிகமாகத் தெரிந்தது.

சரி, உடைந்ததால் பலம் குறைந்தது என்று முடித்துவிடலாமா? கணக்கு இடிக்கிறது. நுண்ணோக்கியில் கண்ணுக்குத் தெரியும் சிதைவு பெரும்பாலும் தசையின் சிறு பகுதியில்தான். பலமோ அதைவிடப் பல மடங்கு குறைந்திருக்கும். மீதி எங்கே போனது?

கட்டளை போய்ச் சேரவில்லை

நரம்பிலிருந்து வரும் மின் சமிக்ஞை இழையின் சவ்வு வழியாக உள்ளே இறங்கி, கால்சியம் சேமித்து வைத்திருக்கும் பைகளைத் தட்டித் திறக்க வேண்டும். கால்சியம் வெளியே வந்தால்தான் மயோசின் ஆக்டினைப் பற்றும். எக்சென்ட்ரிக் வேலை இந்தத் தட்டித் திறக்கும் இணைப்பைக் குலைக்கிறது. இழுக்கும் இயந்திரம் நல்ல நிலையில் இருந்தாலும் இழு என்ற கட்டளை முழுதாக வந்து சேர்வதில்லை. எலிகளில் செய்த ஆய்வுகளின்படி, முதல் சில நாட்களின் பலமிழப்பில் பாதிக்கு மேல் இந்த இணைப்புக் கோளாறால் வருவது. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிக முக்கியமாகப் படுவது இதுதான். "தசை கிழிந்துவிட்டது" என்ற பொதுப்பேச்சு கதையின் சிறு பாதியைத்தான் சொல்கிறது.

செயல்திறனில் தெரியும் மாற்றங்கள்

1. அதிகபட்ச பலம் குறைகிறது. பழக்கமில்லாத ஒருவர் முழங்கை மடக்கும் தசையை முழு முயற்சியோடு சில டஜன் முறை எக்சென்ட்ரிக்காக வேலை வாங்கினால், பலம் அந்த இடத்திலேயே பாதி வரை சரியலாம். முழுதாக மீள வாரங்கள் ஆவதும் உண்டு. அரை மணி முதல் ஒரு மணி நேரம் சரிவில் ஓடினால் முன்தொடையின் இழப்பு இதைவிட மிதமானது, பொதுவாக 10 முதல் 30 சதவீதம். கால்கள் தினமும் ஏதாவது ஒரு படியை இறங்கிக்கொண்டே இருப்பதால் கைகளைவிட இதற்குப் பழகியவை.

2. மெல்லிய கட்டளைகளுக்குத் தசை சரியாகப் பதில் தருவதில்லை. ஆய்வகத்தில் தசைக்கு நொடிக்கு 20 முறையும் 50 அல்லது 100 முறையும் மின் தூண்டல் கொடுத்து ஒப்பிடுவார்கள். எக்சென்ட்ரிக் வேலைக்குப் பின் 20 ஹெர்ட்ஸ் தூண்டலுக்குக் கிடைக்கும் விசை, உயர் அதிர்வெண்ணில் கிடைப்பதைவிட மிக அதிகமாகக் குறைந்திருக்கும். இதற்குக் குறைந்த அதிர்வெண் சோர்வு என்று பெயர். நிரம்பி வழியும் பாத்திரத்தில் குழாயின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பாத்திரம் நிரம்பியே இருக்கும். பாதி மட்டுமே நிரம்பும் பாத்திரத்தில் அந்தக் குறைவு உடனே தெரியும். உயர் அதிர்வெண்ணில் கால்சியம் தேவைக்கு மேல் வழிகிறது, குறைந்த அதிர்வெண்ணில் அளவாகத்தான் வருகிறது. நடப்பது, நிற்பது, படியிறங்குவது எல்லாம் குறைந்த அதிர்வெண் வேலைகள். அதனால்தான் ஒரே ஒரு முறை முழு மூச்சாகத் தூக்கிப் பார்த்தால் பரவாயில்லை போலத் தோன்றும் கால், சாதாரண நடையில் தள்ளாடுகிறது. அதே நடைக்கு மூளை கூடுதல் கட்டளை அனுப்ப வேண்டியிருப்பதால் எல்லாமே கனமாகவும் தெரியும்.

3. தசை எந்த நீளத்தில் அதிக விசை தருமோ, அந்த நீளம் மாறுகிறது. விரிந்துபோன சார்க்கோமியர்கள் வரிசைக்கு நடுவே தளர்ந்த கயிறு போலக் கிடப்பதால், தசை இன்னும் நீண்ட நிலைக்குப் போனால்தான் முழு விசை வருகிறது. குறுகிய நிலையில் பலவீனம் அதிகமாகத் தெரியும்.

4. விறைப்பு. கையைத் தொங்கவிட்டாலும் முழங்கை முழுதாக நிமிராது, மடக்கினாலும் முழுதாக மடங்காது. வீக்கமும் சேர்ந்துகொள்ளும்.

5. மூளையும் கையைப் பின்னுக்கு இழுக்கிறது. முழு முயற்சி செய்துகொண்டிருக்கும்போதே நரம்புக்கு வெளியிலிருந்து ஒரு மின் தூண்டல் கொடுத்து, கூடுதல் விசை வருகிறதா என்று பார்க்கும் முறை 1954-இல் மெர்ட்டன் காட்டியதிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கூடுதலாக வந்தால், தசையிடம் இருந்த திறனை மூளை முழுதாக எடுக்கவில்லை என்று பொருள். நீண்ட நேர எக்சென்ட்ரிக் வேலைக்குப் பின் இந்தப் பங்கும் தெரிகிறது, ஆனால் இது ஓரிரு நாளில் சரியாகும். தசைக்குள் இருக்கும் குறைதான் இழுத்துக்கொண்டு போகும்.

6. உடலின் அளவுகோல் தவறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு இரு கைகளாலும் ஒரே விசை கொடுக்கச் சொன்னால், பயிற்சி செய்த கை குறைவாகக் கொடுத்துவிட்டுச் சமமாகக் கொடுத்ததாகவே நம்பும். விசையை நாம் பெருமளவு முயற்சியின் அளவால் கணிக்கிறோம், தளர்ந்த தசைக்கு முயற்சி அதிகம். மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற உணர்விலும் பிசகு வருகிறது. நீண்ட இறக்கத்தின் கடைசிப் பகுதியில் கால் இடறுவதற்கு வெறும் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை.

வலி: பிந்தி வந்து முந்திப் போகும் விருந்தாளி

வலி பயிற்சியின்போது இருப்பதில்லை. 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டி, ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சம் தொட்டு, ஒரு வாரத்துக்குள் அடங்கும். இதற்கு லாக்டிக் அமிலம் காரணம் என்ற நம்பிக்கை இன்னும் ஒழியவில்லை. 1983-இல் வெளியான ஓர் ஆய்வு சமதள ஓட்டத்தையும் சரிவில் இறங்கும் ஓட்டத்தையும் ஒப்பிட்டது. சமதளத்தில் ஓடியவர்களின் ரத்தத்தில் லாக்டேட் ஏறியது, பிந்திய வலி வரவில்லை. சரிவில் ஓடியபோது லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது. லாக்டேட் எப்படியும் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்துவிடும், இரண்டாம் நாள் வலிக்கு அது பொறுப்பாக முடியாது.

தியடோர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902-லேயே இது தசைக்குள் ஏற்படும் சிறு கிழிசல்களால் வருவது என்று ஊகித்திருந்தார். இப்போதைய புரிதலில் கிழிசலோடு, அதைத் தொடர்ந்து வரும் அழற்சியும், நரம்பு முனைகளை எளிதில் சீண்டப்படும் நிலைக்குத் தள்ளும் வேதிப்பொருள்களும், தசையைச் சுற்றிய இணைப்புத் திசுவும் சேர்ந்துகொண்டன.

இப்போது இரண்டு நேரக்கோடுகளையும் அருகருகே வையுங்கள். பலம் பயிற்சி முடிந்த நிமிடமே அடிமட்டத்தில் இருக்கிறது, அப்போது வலி இல்லை. வலி உச்சத்தில் இருக்கும் இரண்டாம் நாள் பலம் பெரும்பாலும் மீளத் தொடங்கியிருக்கும். வலி ஓய்ந்த ஏழாம் நாள் பலம் முழுதாக வராமலும் இருக்கலாம். வலியின் அளவை வைத்துச் சேதத்தைக் கணித்தால் மூன்று நாட்களிலும் தப்பாகப் போகும்.

நேரம் நீளும்போது

சில டஜன் முழுமுயற்சி அசைவுகள் வேறு, மணிக்கணக்கில் மிதமான விசையோடு ஆயிரக்கணக்கான அடிகள் வேறு. இரண்டாவதில் ஒவ்வோர் அடியின் காயமும் சிறியது. ஆனால் சில இழைகள் களைத்ததும் வேலை மற்றவற்றின் மேல் விழுகிறது, அவையும் களைத்த நிலையில் நீட்டப்படுகின்றன. முழங்காலைக் குறைவாக மடக்கி, குட்டை அடிகளாக வைத்து, ஓட்டத்தின் பாங்கே மாறுகிறது. அதிர்ச்சியைத் தசை உறிஞ்சாதபோது அது மூட்டுக்கும் எலும்புக்கும் போகிறது.

அடுத்த சில நாட்களுக்கு அதே வேகத்தில் ஓடக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும். சேதமான இழைகள் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பை வழக்கமான வேகத்தில் நிரப்பிக்கொள்வதுமில்லை. ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் அவற்றின் திறன் தற்காலிகமாகக் குறைவதும், வந்து சேரும் அழற்சி செல்கள் சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்வதும் இதற்குக் காரணங்கள். சாப்பாடு சரியாக இருந்தும் மூன்றாம் நாள் கால் காலியாக இருப்பது போன்ற உணர்வு வருவது இதனால்.

ரத்தப் பரிசோதனையில் பயமுறுத்தும் எண்

கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி, சவ்வு ஓட்டையானால் ரத்தத்துக்குக் கசியும். வழக்கமாக லிட்டருக்குச் சுமார் 200 யூனிட்டுக்குள் இருக்கும் இது, கையின் கடும் எக்சென்ட்ரிக் பயிற்சிக்குப் பின் நான்கைந்து நாளில் 10,000-ஐத் தாண்டியவர்கள் உண்டு. சரிவு ஓட்டத்துக்குப் பின் ஏற்றம் சிறியது, ஓரிரு நாளிலேயே உச்சம். ஒரே பயிற்சி செய்த இருவரில் ஒருவருக்கு நூற்றுக்கணக்கிலும் மற்றவருக்கு ஆயிரக்கணக்கிலும் இருக்கலாம். பலமிழப்போடு இந்த எண் நெருங்கிப் பொருந்துவதும் இல்லை, அதனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

அலட்சியம் செய்யக் கூடாத நிலை ஒன்று இருக்கிறது. தசை பெருமளவில் சிதைவதைத்தான் மருத்துவர்கள் ராப்டோமயோலிசிஸ் என்கிறார்கள், அப்போது வெளிவரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போவது, தசை கல் போல வீங்குவது, கை கால் அசைக்க முடியாத அளவு பலவீனம், வாந்தி, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கடும் வெயில், நீர்ச்சத்துக் குறைவு, நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் நாளே ஆவேசமாகத் தொடங்குவது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுப்பவர்கள் படிப்படியாகவே தொடங்க வேண்டும். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைப் போடுவது சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை.

இரண்டாம் முறை ஏன் அவ்வளவு வலிப்பதில்லை?

அதே இறக்கத்தை இரண்டு வாரம் கழித்து மீண்டும் இறங்கினால் வலி, பலமிழப்பு, நொதிக் கசிவு மூன்றுமே வெகுவாகக் குறைந்திருக்கும். ஒரே ஒரு முறை செய்ததன் பாதுகாப்பு வாரக்கணக்கில் நிற்கிறது, கைத்தசையில் சில அம்சங்கள் ஆறு மாதம் வரை நின்றதும் பதிவாகியிருக்கிறது. முதல் முறை கடுமையாகச் சேதப்பட்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. லேசான எடையோடு சில முறை செய்ததே ஓரளவு காக்கிறது. சார்க்கோமியர்கள் வரிசையில் கூடுவது, இணைப்புத் திசு உறுதியாவது, நரம்பு மண்டலம் பாரத்தை அதிக இழைகளுக்குப் பங்கிட்டுத் தருவது ஆகிய மூன்றும் இதில் பங்கு பெறுவதாகக் கருதப்படுகிறது. ஒரு கையில் செய்த பயிற்சி செய்யாத மறு கையையும் ஓரளவு காப்பதால், நரம்பின் பங்கை ஒதுக்க முடியாது.

மருத்துவம் இந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. குதிகால் தசைநார் நோவுக்கு ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட முறையில், படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி நாளுக்கு 180 முறை, 12 வாரம். விளையாட்டு வீரர்களின் பின்தொடைக் காயத்தைத் தடுக்க நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் என்ற எக்சென்ட்ரிக் பயிற்சி பயன்படுகிறது. அதைச் சேர்த்துக்கொண்ட அணிகளில் அந்தக் காயம் சுமார் பாதியாகக் குறைந்ததாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. அப்புறம், ஆக்சிஜன் செலவு குறைவு என்ற அந்தப் பழைய சைக்கிள் பாடம் இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு உதவுகிறது: மூச்சுத் திணறாமலே காலுக்கு வலுவான பயிற்சி.

மீட்சிக்கு என்ன செய்யலாம்?

பயிற்சிக்கு முன்னோ பின்னோ தசையை நீட்டி விடுவது பிந்திய வலியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை. மசாஜும் குளிர்ந்த நீரில் அமர்வதும் வலியை ஓரளவு தணிக்கும், ஆனால் எடைப் பயிற்சி செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் குளிர்நீரை நாடினால் தசை வளர்ச்சி மட்டுப்படலாம். மெதுவான நடை போன்ற லேசான அசைவு செய்யும் வரை இதமாக இருக்கும். இவற்றில் எதுவும் பலத்தைப் பெரிதாக முன்கூட்டியே மீட்டுத் தராது.

எப்போது பழையபடி ஓடலாம், எடை தூக்கலாம் என்பதற்கு வலியைவிட நம்பகமான அளவுகோல் வேலையே. வழக்கமாகச் செய்யும் உயரத்துக்குக் குதிக்க முடிகிறதா, ஒற்றைக் காலால் ஒரு படியை நடுக்கமில்லாமல் மெதுவாக இறங்க முடிகிறதா, வழக்கமான எடை வழக்கமான கனத்தோடு தெரிகிறதா என்று பாருங்கள். படியிறங்கும்போது கால் நடுங்கினால், வலி துளிகூட இல்லாவிட்டாலும் அன்றைக்கு இன்னொரு நீண்ட இறக்கம் வேண்டாம்.